இதச் செத்த புடி

அந்த அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய டிபன் பையைத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்ன, பிடித்துக்கொண்டு நின்றேன்.

பி.எட். சேர்ந்த முதல் வாரம் அது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏட்டி, இதச் செத்த புடி" என்றது. திரும்புவதற்குள் என் கையில் ஒரு பை இருந்தது. அடுத்து ஒரு தண்ணீர் பாட்டில். அதற்கடுத்து சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட ஒரு சார்ட். எல்லாவற்றையும் என்னிடம் தந்துவிட்டு அவள் குனிந்து ஒரு சின்னப் பெண்ணின் ஷூ லேஸைக் கட்டினாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், வந்து நின்ற ஸ்கூல் வேனில் தூக்கி ஏற்றினாள். வேன் திரும்பும்வரை கையை ஆட்டினாள். அப்புறம்தான் நான் யார் என்று பார்த்தாள்.

"நீயும் பி.எட்.தான? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, புடிச்சுக்குவன்னு."

பி.எட். படிக்காவிட்டாலும் பிடிக்கச் சொல்லியிருப்பாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் செத்த என்றால் கொஞ்சம். செத்த இரு, செத்த நில்லு, செத்த தள்ளு என்போம். சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அக்காவின் செத்த நேரம் கொஞ்சத்தில் நிற்கிற ஜாதி இல்லை. அது ஐந்து நிமிஷமாகவும் இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி வருகிற அளவுக்கும் இருக்கும். பிடித்தவர்கள் பாடு.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்று. எங்கள் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. அறிவியல் பாடம் எடுத்த சார் அவளைவிட இரண்டு வயது சின்னவர். வருகைப் பதிவு எடுக்கும்போது எங்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவள் முறை வந்ததும் வாய் தவறி "மேடம்" என்பார். அக்கா எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பாள். வகுப்பே சிரிக்கும். அவளும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனியில். ஆஸ்பத்திரிக்குப் போகிற வலைத் துணியை மடித்துக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. காலையில் ஐந்தரைக்கு உள்ளே போய் எட்டரைக்கு வெளியே வருவாள். மறுபடி சாயங்காலம் ஐந்தரைக்குப் போவாள். மகள் காலைத் தூக்கத்தின் மிச்சத்தைத் துணிக் கட்டுகளின் மேல்தான் தூங்குவாள். சில நாள் வேனுக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் தலைமுடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கம்பெனியில் மடிக்கிற பெண்களுக்குத்தான் முதலில் பாடம் நடத்திப் பார்ப்பாளாம். "ஒளிச்சேர்க்கை அவியளுக்குத் தலைகீழாத் தெரியும். ஒருத்தி கேக்கா, இலை ராத்திரி என்ன செய்யும், அதுக்கும் நம்மள மாதிரி ரெண்டு ஷிஃப்டான்னு. நம்ம சாருக்கு இந்தக் கேள்வி வருமா சொல்லு." எனக்கே வரவில்லை.

டவுன் பஸ்ஸில் அவளுக்குத் தெரியாத கண்டக்டர் கிடையாது. ஒருநாள் கூட்டத்தில் சார்ட் கசங்கிவிடும் என்று கண்டக்டரிடம், "அண்ணே, இதச் செத்த புடிங்க" என்று கொடுத்துவிட்டாள். மனிதர் மனித ஜீரண மண்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் முழுக்க டிக்கெட் போட்டார். இரைப்பை ஒரு பக்கம், பெருங்குடல் ஒரு பக்கம் தொங்கியது. காலேஜ் ஸ்டாப்பில் இறங்கும்போது அவரே மறக்காமல் கூப்பிட்டுக் கொடுத்தார். "நல்லாப் படிம்மா" என்று வேறு சொன்னார்.

நான் அப்படி யாரிடமும் கேட்கிறவள் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போனாலும் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையை வைக்க மாட்டேன். தோள் அறுந்தாலும் நானே சுமப்பேன். அதை ஒரு கௌரவம் என்று நினைத்திருந்தேன். அதனால் அவளிடம் எனக்குப் பிரியமும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு இளக்காரமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது.

பேர் எதற்கு? அந்த அக்கா என்றே இருக்கட்டும். சொந்த ஊர் கூமாப்பட்டி. தோப்பும் வயலும் உள்ள வீடு. அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். வீட்டுக்காரரை விட்டு மகளோடு தனியே வந்தபோது, "ஊருக்கு வந்து பேசாம இரு, சோறு போடுதோம்" என்றார்களாம். இவள் படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணன் போனில், "சரி, ரெண்டு வருஷம் பாப்போம். ஃபெயிலானா, பொட்டியக் கட்டிட்டு ஒம் புருசன் வீட்டுக்கே போயிரணும்" என்று முடித்துவிட்டானாம். கம்பெனியிலும் இந்த ஷிஃப்டை அவளுக்காக இரண்டு வருடத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டேன். "அவருகிட்டயும் புள்ளயக் குடுத்து, செத்த புடிங்கன்னேன். புடிக்கல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளுடைய அந்தச் சொல்லே ஒருநாள் வகுப்பில் அவளுக்கு எதிராகத் திரும்பியது. பயிற்சிப் பாடம் எடுக்கும்போது ஒரு பெண்ணிடம் சோதனைக் குழாயைக் கொடுத்து, "இதச் செத்த புடி" என்றாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரரான சார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மேடம், வகுப்பறையில செத்தது பொழைச்சதுன்னு பேசக்கூடாது. சிறிது நேரம்னு சொல்லணும். எக்ஸ்டர்னல் வந்தா மொழிக்கு மார்க்கே போட மாட்டாங்க. ஏற்கெனவே உங்களுக்கு அட்டெண்டன்ஸ் விளிம்புல நிக்குது. பிராக்டிகல்லயும் போச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கெட்டவர் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்குப் பாடத்தின் நடுவில் நாக்கு முட்டியது. 'செத்த' வாய் வரைக்கும் வரும். அதை விழுங்குவாள். 'சிறிது' வருவதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துவிடும். கம்பெனியில் மடிக்கிற பெண்களிடம் முழுப் பாடத்தையும் கடகடவென்று நடத்துகிறவள், வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நிற்பாள். சாக்பீஸ் அவள் விரலிலேயே பொடியாகும்.

பிராக்டிகலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் கூத்து நடந்தது.

அவளுடைய விவாகரத்து வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வாய்தா. பிள்ளையின் பள்ளிக்கூடம் விடுமுறை. காலேஜ் மத்தியானத்தோடு விட்டுவிட்டது. "உள்ள போயி ஒரு கையெழுத்துத்தான். செத்த புடி" என்று கோர்ட் வாசலில் மகளின் கையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு நாலு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள். அதை அக்காவிடம் சொல்ல வெட்கம். சொல்லாமலே, பதினைந்து நிமிஷம்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

ஒன்றரை ஆனது, இரண்டரை ஆனது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கோர்ட்டுக்குள் அணைத்து வைத்திருப்பாள். பிள்ளை பசிக்கிறது என்றது. பால்கோவா கடைப் படியில் உட்கார்ந்து கால் கிலோ வாங்கிக் கொடுத்தேன். அது பாதியைத் தின்றது, மீதியை என் துப்பட்டாவில் துடைத்தது. "சித்தி, அம்மா எப்ப வருவா?" என்று கேட்டுக் கேட்டு என் மடியிலேயே தூங்கியும் போனது. வீட்டிலிருந்து என் அம்மா ஒன்பது முறை போன் செய்துவிட்டாள்; பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது என்றேன். அக்கா வந்தபோது மணி நாலரை. "கடைசியாத்தான் கூப்பிட்டாவ" என்றாள். நான் ஓடிப் போய்ப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போனால், வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா நடுவாசலில் நின்றாள். என் துப்பட்டாவைப் பார்த்தாள். "ஏட்டி, நீ பெத்த புள்ளயா அது? ஊரான் புள்ளயத் தூக்கிட்டுத் திரிஞ்சா, ஒனக்கு எப்பட்டி மாப்பிள வருவான்?" என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு ராத்திரி படுக்கிறவரை ஓயவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அக்கா சிரித்த முகமாக வந்தாள். வழக்கம்போல் பையை நீட்டி வாயைத் திறந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நா என்ன சுவத்துல அடிச்ச ஆணியாக்கா? வாரவுக போறவுக எல்லாத்தையும் மாட்டிட்டுப் போறதுக்கு?"

பக்கத்தில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "இல்லட்டி" என்று மட்டும் சொன்னாள். எதற்கு இல்லை என்றாள் என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த விஷயத்தை அப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவின் காலில் விழுந்திருப்பாள். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வேண்டியிருந்தது.

அதன்பிறகு அக்கா என்னிடம் எதையும் கொடுக்கவில்லை. பேசாமல் இருக்கவில்லை, பேசினாள். சாப்பாட்டைப் பகிர்ந்தாள். ஆனால் பை அவள் தோளில், சார்ட் கக்கத்தில், பாட்டிலைப் பல்லில் கடித்தபடி, ஒரு காலில் நின்று மகளுக்கு ஷூ மாட்டினாள். ஒருநாள் சார்ட் நழுவித் தண்ணீரில் விழுந்தது. நான் குனிவதற்குள் அவளே எடுத்துவிட்டாள். என்னிடம் மட்டும்தான் கேட்பதில்லை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கண்டக்டரிடமும் கேட்பதில்லை. யாரிடமும் கேட்பதில்லை. நான் சொன்ன சொல் ஒருவரோடு நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிராக்டிகல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அவள் நம்பருக்கு அடுத்த நம்பர் என்னுடையது. பத்தரை மணிக்கு அவள் வராந்தாவில் வந்து நின்ற கோலம் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு கையில் இரண்டு பாதிச் செங்கல் போட்ட துணிப்பை. இன்னொரு கையில் சார்ட், ரெக்கார்டு. புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மகள். பிள்ளைக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல். விட்டுவர ஆள் இல்லை. அன்றைக்குக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற நாள் வேறு. மத்தியானம் ஒன்றரைக்குள் வந்துவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இதெல்லாம் பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு உள்ளேயிருந்து அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அக்கா மகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. பிள்ளையிடம் குனிந்து, "இந்தத் தூணப் புடிச்சுக்கிட்டு நில்லு. அம்மா வந்துருதேன்" என்றாள்.

தூணை.

நான் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். நெருப்பாகக் கொதித்தது. "போங்கக்கா, நா புடிச்சிருக்கேன்" என்றேன். அவள் உள்ளே போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளையோடு நின்று பார்த்தேன். எட்டாம் வகுப்பு, விசையும் அழுத்தமும். அந்தப் பாடத்துக்கு எல்லோரும் ஆணியைத்தான் கொண்டுபோவார்கள். கூர்முனை பலகையில் இறங்கும், தட்டை முனை இறங்காது. அவளுடைய பழைய பாடக் குறிப்பிலும் ஆணிதான் இருந்தது. அன்றைக்கு மேஜையில் ஆணி இல்லை. செங்கல் பைதான் இருந்தது, மெல்லிய சணல் கயிற்றில் கட்டி.

வெளியூரிலிருந்து மார்க் போட வந்த எக்ஸ்டர்னல் நாற்காலியில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் சார் மூலையில் நகத்தைக் கடித்தார். அக்கா ஆரம்பித்தாள். நன்றாகவே ஆரம்பித்தாள். முன் பெஞ்சில் ஒரு பெண்ணை எழுப்பிப் பையை நீட்டினாள். "இதைச்..." என்றாள். நின்றுவிட்டாள். எனக்குத் தெரியும், வாயில் என்ன சிக்கியிருக்கிறது என்று. சாருக்கும் தெரியும். 'சிறிது' என்று அவர் உதடு அசைந்தது. அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். போச்சு என்று நினைத்தேன். பெட்டியைக் கட்டச் சொன்ன அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அப்போது என் இடுப்பிலிருந்த பிள்ளை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் குரலில், "செத்த புடிம்மா... சொல்லும்மா" என்றது.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். திரும்பியவள் பழைய அக்கா.

"ஏட்டி, இதச் செத்த புடி!"

அந்தப் பெண் சணல் கயிற்றை ஒற்றை விரலில் பிடித்தாள். "வலிக்குது டீச்சர்." "எங்க வலிக்குது?" "வெரலு அறுபடுது டீச்சர்." அக்கா பேண்டேஜ் துணியை எடுத்தாள். கம்பெனியில் மடிக்கிற அதே மடிப்பில் எட்டாக மடித்து, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையாக்கிப் பையில் கட்டினாள். "இப்பப் புடி." "வலிக்கல டீச்சர்." "செங்கல எடுத்துட்டேனா?" "இல்ல டீச்சர்." "பாரம் கொறஞ்சிருக்கா?" "இல்ல." "பொறவு ஏன் வலிக்கல?"

வகுப்பு யோசித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அகலமாயிருச்சு டீச்சர்."

எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதென்ன, செத்த?" என்று பிள்ளைகளைக் கேட்டார். "கொஞ்ச நேரம் சார்!" என்று நாற்பது குரல் ஒன்றாகக் கத்தியது. அக்காவுக்கு இருந்த உற்சாகத்தில், "சார், நீங்களும் இதச் செத்த புடிங்க" என்று சணல் கயிற்றுப் பையை அவரிடமும் கொடுத்தாள். கொடுத்ததை மறந்து பலகைக்குப் போய்ச் சூத்திரம் எழுத ஆரம்பித்தாள். பாவம் மனிதர், பாடம் முடிகிறவரை இரண்டு பாதிச் செங்கலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது கையால் ஏதோ எழுதினார். ரிசல்ட் வந்தபோது பார்த்தால், பிராக்டிகலில் அவளுக்கு என்னைவிடப் பதினோரு மார்க் கூட. கூமாப்பட்டி அண்ணன் பேச்சை மாற்றிக்கொண்டான் என்று கேள்வி.

பாடம் முடிந்து வெளியே வந்து மகளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மூச்சு இரைத்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆணி ஏங்க்கா கொண்டாரல?" என்றேன்.

"கொண்டாந்தா நீ மறுபடி கோவிச்சுக்குவன்னுதான்" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "ஏட்டி, ஆணிகிட்ட யாராச்சும் புடின்னு சொல்லுவாகளா? பேசாம மாட்டிட்டுப் போயிருவாக. கை இருக்கவுககிட்டதான புடின்னு சொல்லுவோம்."

நான் ஏதாவது சொல்வதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். தோளில் பை, கையில் போன், தண்ணீர் பாட்டில், எல்லாம் ஒரே நேரத்தில் கனத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் கேட்டேன்.

"அக்கா, இதச் செத்த புடிங்க."

உள்ளே போனேன். எக்ஸ்டர்னல் கையைத் தேய்த்துக்கொண்டே, "சாப்பிட்டுட்டு வந்து பாத்துக்கலாம். நீங்க இடத்தை விட்டு நகர வேண்டாம்மா" என்று எழுந்து போய்விட்டார். பிள்ளைகளும் சாப்பிடப் போனார்கள். நான் பயத்தில் போர்டை எழுதி அழித்து எழுதிக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். பாடம் முடிந்து வெளியே வந்தபோது மணி மூன்றேகால்.

அக்கா எப்போதோ லோடுக்குப் போயிருப்பாள், என் பை ஆபீஸில் இருக்கும் என்று அந்தப் பக்கம் நடந்தேன். வேப்பமரத்தடி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் பட்டுவிடாமல் என் பையையும் பாட்டிலையும் கொஞ்சம் தூக்கினாற்போல் கையிலேயே வைத்திருந்தாள். பெஞ்சில் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது.

"ஐயோ அக்கா, லோடு என்னாச்சு?"

"போயிருக்கும்."

"பைய இங்க வச்சிட்டுப் போயிருக்கலாம்லக்கா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"வச்சிட்டுப் போன்னா சொன்ன? புடின்னுல்லட்டி சொன்ன."